வீட்டுப் பின்புறம் நிற்கும் பழைய சைக்கிளை மறுபடி ரோட்டில் இறக்குவது எப்படி

பழைய சைக்கிள் கையில் கிடைத்ததும் முக்கால்வாசிப் பேர் முதலில் தேடிப் போவது பெயிண்ட் கடையைத்தான். தயவுசெய்து போகாதீர்கள். எங்கள் அப்பாவின் ஹெர்குலிஸை நான் அப்படித்தான் கொண்டுபோய் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் மணல் அடித்து மொத்தத்தையும் உரித்துவிட்டு, பளபளவென்று கறுப்பு அடித்துக் கொடுத்தார்கள். பாரில் கையால் இழுத்திருந்த தங்கக் கோடு, முன் குழாயில் இருந்த முத்திரை, அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து கால் உரசித் தேய்ந்த இடம், எல்லாம் போயிற்று. உள்ளே பி.பி. கப்பு (பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் கிண்ணம்) அப்படியே மணலும் துருவுமாகக் கிடந்தது, ஓட்டினால் கரகரவென்று சத்தம். அதனால் சொல்கிறேன்: முதலில் உருள வைக்க வேண்டும், அப்புறம் நிற்க வைக்க வேண்டும், அழகு பண்ணுவது கடைசி வேலை.

நான் இங்கே பேசுவது நம் ஊரில் 24 இஞ்ச் சைக்கிள், 22 இஞ்ச் சைக்கிள் என்று சொல்கிற அந்தப் பெரிய கறுப்புச் சைக்கிளைப் பற்றி. 24, 22 என்பது ஃபிரேம் உயரம். சக்கரம் இரண்டுக்குமே 28 இஞ்ச்தான். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ., அசன்சோலில் சென்-ராலே செய்த ராலே, வடக்கே இருந்து வந்த அட்லஸ், ஹீரோ எல்லாமே இங்கிலாந்து ரோட்ஸ்டரின் வாரிசுகள்தான். இரும்புக் குழாய்களை லக் என்ற இணைப்பு உறையில் செருகிப் பித்தளை ஊற்றி இணைத்த ஃபிரேம், கம்பி பிரேக், காட்டர் பின் அடித்த கிராங்க் (பெடல் மாட்டும் கை). மெல்லிய குழாயில் செய்த பழைய ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி இதேதான், அளவுகள் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

வாங்கும் முன்போ, வீட்டுச் சைக்கிளாக இருந்தால் ஸ்பேனரை எடுக்கும் முன்போ, நல்ல வெயிலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஃபிரேமைப் பாருங்கள். முன் குழாய்க்கு ஒட்டிப் பின்னால், மேல் பாரின் அடிப்பக்கத்திலும் கீழ்ச் சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்திலும் விரலை வைத்துத் தடவுங்கள். அங்கே ஒரு சின்ன வீக்கம், பெயிண்டில் குறுக்கே சுருக்கம் மாதிரி தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எதிலோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பக்கவாட்டில் தள்ளி நின்று போர்க்கை, அதாவது முன் சக்கரம் மாட்டும் கவையைப் பாருங்கள், பின்பக்கமாக மடங்கியிருந்தால் முன் டயர் சாய்வுக் குழாயை நெருங்கி நிற்கும். பி.பி. குழாயின் அடியில் சுத்தியல் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பது முக்கியம், தண்ணீர் போய்த் தங்குவது அங்கேதான். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே அரித்திருக்கலாம், ஓர் ஆணியால் அழுத்திப் பாருங்கள். ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் சக்கரம் மாட்டும் பிளவில் ஒரு பக்கம் கட்டி, நூலை இழுத்துக்கொண்டுபோய் முன் குழாயைச் சுற்றி, அடுத்த பக்கப் பிளவில் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். மேலே வெறும் துரு, சீட் கிழிசல், டயர் மக்கியது, மட்காட் ஓட்டை இதற்கெல்லாம் பயப்படவே வேண்டாம். ஃபிரேமும் போர்க்கும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் சைக்கிள் கடையில் இன்றைக்கும் தொங்குகிற சாமான்தான்.

சரி, பிரிப்போம். பிரிப்பதற்கு இரண்டு நாள் முன்பே எல்லா மரையிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் டீசல் போதும். சீட் பில்லர் இறங்கும் இடம், ஹேண்டில்பார் தண்டு, காட்டர் பின், சக்கர நட், போக்ஸ் கம்பி ரிம்மில் சேரும் இடம் ஒன்றையும் விடாதீர்கள். காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டு நட் முனையைத் தின்றுவிட்டால் அப்புறம் வெட்டத்தான் வேண்டும். பிரிக்கும்போது ஒவ்வொரு இடத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள், முக்கியமாக பிரேக் கம்பிகள் எது எதற்கு மேலே போகிறது என்று. ஒவ்வோர் இடத்துச் சாமானுக்கும் ஒவ்வொரு டப்பா. இடது பெடல் இடது மரை (எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகுவது), வலது பெடல் சாதாரண மரை என்பதை மறந்து பலம் காட்டாதீர்கள். சைக்கிள் முன்னோக்கிப் போகும்போது பெடல் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் ஸ்பேனரைத் திருப்பினால் இரண்டு பெடலும் கழலும்.

காட்டர் பின்னைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், பழைய சைக்கிள்கள் உயிரை விடுவது இந்த இடத்தில்தான். விரல் நீளம்கூட இல்லாத, ஒரு பக்கம் சரிவாக ராவிய ஆணி அது. அந்தச் சரிவு பி.பி. அச்சில் வெட்டியிருக்கும் தட்டையான இடத்தில் ஆப்பு மாதிரி உட்கார்ந்து கிராங்கைப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது நட்டை முழுக்க எடுத்துவிட்டுச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கி, பின் வளைந்து, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நட்டைத் தளர்த்தி, அதன் மேல் விளிம்பு பின்னின் நுனியோடு சமமாக வரும் வரைக்கும் மட்டும் கொண்டுவாருங்கள். அப்புறம் பின்னின் தலைப் பக்கம் கீழே வருகிற மாதிரி கிராங்கைத் திருப்பி, கிராங்குக்கும் தரைக்கும் நடுவே ஒரு இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக் கொடுங்கள். காட்டர் பின் உள்ளே விழுகிற அளவுக்குக் குழாய்க்கு அகலம் இருக்க வேண்டும், உயரம் சரியாகத் தரையைத் தொட வேண்டும். இந்த முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் பால்ரஸின் மேல் போகும், கப்பில் குழி விழும். முட்டுக் கொடுத்த பிறகு பத்து தட்டுத் தட்டாமல் கனமான சுத்தியலால் ஒரே அடி, நேராக. பட்டென்று சத்தம் மாறும், பின் இறங்கியிருக்கும். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் அடிப்பதற்கு முன் ஒரு நொடி சுத்தியலை நட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொள்வார், அப்புறம்தான் ஓங்குவார். அந்த ஒரு நொடி நிதானம் நிறைய பின்களைக் காப்பாற்றும்.

திரும்ப அடிக்கும்போது புதுப் பின்னையே போடுங்கள். நம் சைக்கிளுக்கு 9.5 மி.மீ., பழைய பிரெஞ்சு ரேஸ் சைக்கிளாக இருந்தால் 9 மி.மீ. கடையில் வாங்கும் பின்னின் சரிவு பல சமயம் கரடுமுரடாக இருக்கும், அரத்தால் சமமாக ராவி, உள்ளே தள்ளிப் பார்த்து, மறுபடி ராவி உட்கார வைக்க வேண்டும். இரண்டு கிராங்கும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்றால் இரண்டு பின்னும் தத்தம் கிராங்குக்கு ஒரே பக்கத்திலிருந்து போக வேண்டும். அதாவது கிராங்குகளைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தால் ஒரு நட் முன்னே பார்க்கும், ஒன்று பின்னே பார்க்கும். கிரீஸ் லேசாகத் தடவி, மறுபடி அந்தக் குழாய் முட்டோடு அடித்து இறக்கிவிட்டு, கடைசியில்தான் நட். நட்டை முடுக்கியே பின்னை இழுக்கலாம் என்று நினைத்தால் மரை போய்விடும்.

கிராங்க் வெளியே வந்ததும் பி.பி. இடது பக்கம் பூட்டு வளையமும் சரிசெய்யும் கப்பும் இருக்கும், அதைக் கழற்றினால் அச்சு வந்துவிடும். வலது பக்கக் கப்பு இடது மரை. அதில் குழி இல்லை என்றால் தொடவே வேண்டாம், உள்ளேயே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடலாம். விளக்கு வெளிச்சத்தில் கப்பின் உள்ளே பால்ரஸ் ஓடிய தடத்தைப் பாருங்கள்: கண்ணாடி மாதிரி ஒரு கோடு இருந்தால் நல்ல கப்பு, அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள் இருந்தால் மாற்ற வேண்டும். பால்ரஸ் எப்படி இருந்தாலும் புதிதுதான் போட வேண்டும், அதுவும் மொத்தமாக ஒரே பாக்கெட்டிலிருந்து. பழசையும் புதுசையும் கலந்தால் பெரிய உருண்டை மட்டும் பாரத்தைத் தாங்கும். பி.பி.க்குப் பெரும்பாலும் கால் இஞ்ச் உருண்டை, பக்கத்துக்கு 11. பின் சக்கரத்துக்கும் கால் இஞ்ச், பக்கத்துக்கு 9. முன் சக்கரத்துக்கு 3/16 இஞ்ச், பக்கத்துக்கு 10. ஆனால் கழற்றும்போது எண்ணி எழுதிவைத்து அதையே நம்புங்கள், நடுவில் யாராவது குறைத்துப் போட்டிருந்தால் ஒன்றுக்கு மேல் இடம் காலியாக நிற்கிறதா என்று பார்த்தாலே தெரியும். நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலே கையில் இருந்தால் ஒரு எச்சரிக்கை: அதன் பி.பி. மரை இஞ்சுக்கு 26 சுற்று, மற்ற இங்கிலாந்து வகைக்கெல்லாம் 24. கடைக் கப்பு இரண்டு சுற்று ஏறிவிட்டு நிற்கும், பலம் கொடுத்தால் ஃபிரேமின் மரை காலி.

சக்கரக் கோன் (அச்சில் உருண்டைகளைப் பிடித்திருக்கும் கூம்பு நட்) சரிபண்ணுவதுதான் எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்தது. கப்பில் தாராளமாகக் கிரீஸ், அதில் உருண்டைகளைப் பதித்து, அச்சைச் செருகி, கோனை விரலால் முடுக்கி, பிறகு கால் சுற்று பின்வாங்கி, பூட்டு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது கோனும் கொஞ்சம் சேர்ந்து நகரும், அதனால் முதல் தடவையில் சரியாக வராது, நாலைந்து தடவை ஆகும். சரியாக வந்ததா என்று பார்க்க, சக்கரத்தை மாட்டி, டயர் டியூபோடு, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி நிறுத்திக் கையை எடுங்கள். அந்த வால்வின் கனத்துக்கே சக்கரம் தானாக மெல்லச் சுற்றி, வால்வு கீழே வந்து, கொஞ்சம் அந்தப் பக்கம் போய், திரும்ப இந்தப் பக்கம் வந்து ஊசலாடி நிற்க வேண்டும். ரிம்மைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாகக் கிடைத்துவிட்டால் அந்தச் சக்கரம் பல வருடம் ஓடும். பழைய ஹப்பின் நடுவில் ஒரு சுருள் தகடு சுற்றியிருக்கும், அதை நகர்த்தினால் கீழே ஒரு துளை: அது எண்ணெய்த் துளை. இப்போது நிறைய பேருக்கு அது எதற்கென்றே தெரியாது. மாதம் ஒரு முறை நாலு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

ஹேண்டில்பார் வரவில்லை என்றால் மேலே இருக்கும் போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையை வைத்து ஓங்கித் தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆப்பு இறங்கியதும் கையோடு வந்துவிடும். சீட் பில்லர் இறுகிப்போயிருந்தால் பொறுமைதான் மருந்து. எண்ணெய், ஒரு நாள், மறுபடி எண்ணெய், அப்புறம் பெரிய பைப் ரெஞ்சால் பிடித்து முதலில் முறுக்குங்கள், முறுக்கு விட்ட பிறகு இழுங்கள். பில்லரைப் பெரிய வைஸில் கடித்துவிட்டு ஃபிரேமையே திருப்புவது இன்னும் நல்லது.

துருவுக்கு ஆயிரம் வைத்தியம் சொல்வார்கள். குரோம் பூசிய ஹேண்டில்பார், ரிம், பெல்லுக்கு சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும், அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. தேய்த்து முடித்ததும் காயவைத்து தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். சின்னச் சின்ன நட், போல்ட், பிரேக் கம்பிகளை ஆக்ஸாலிக் அமிலத்தில் ஊறப்போடலாம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம், ஒரு ராத்திரி. கையுறை கட்டாயம், திறந்த வெளியில் செய்யுங்கள், பொடியை மூச்சில் இழுக்காதீர்கள், குழந்தைகளும் நாயும் வராத இடமாக இருக்க வேண்டும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் போடாவிட்டால் அரை மணியில் மறுபடி செம்மண் நிறம் வந்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், குரோமைத் தின்பதோடு கடினமான எஃகை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். பால்ரஸ், கோன், அச்சு எதையும் எந்த ஆசிட்டிலும் போடாதீர்கள், மண்ணெண்ணெய் போதும்.

ரிம்மைக் கழுவியதும் டேப்பை உரித்து உட்பக்கம் பாருங்கள். போக்ஸ் துளைகளைச் சுற்றி இரும்பு இதழ் இதழாகப் பெயர்ந்தால் அந்த ரிம் முடிந்துவிட்டது. இந்தச் சைக்கிள்களில் முன்னே 32 கம்பி, பின்னே 40 கம்பி. இதைத் தெரியாமல் அழகான அலுமினிய ரிம் ஜோடி வாங்கிவந்து, அதில் இரண்டுமே 36 துளை என்று வீட்டில் வந்து எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. டயர் 28 x 1½, அதன் உள் விட்டம் 635 மி.மீ. கியர் சைக்கிளுக்கு விற்கிற 700சி டயரின் அளவு 622, பெட்டியில் 28 என்று எழுதியிருந்தாலும் ஏறவே ஏறாது. 27 இஞ்ச் என்று எழுதிய பழைய ரேஸ் சைக்கிள் டயர் 630. அந்த ஃபிரேமில் 700சி சக்கரம் போட வேண்டுமென்றால் பிரேக் கட்டை 4 மி.மீ. இறங்கி வந்தால் போதும், பெரும்பாலான பிரேக்கில் அந்த அளவுக்கு இடம் இருக்கும். பெண்டு எடுக்க, அதாவது சக்கரத்தின் கோணலை நேராக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளும்வரை கடையில் கொடுங்கள், அதில் வெட்கமில்லை. வால்வில் மாட்டும் அந்தச் சின்ன ரப்பர்க் குழாயை மட்டும் வருடா வருடம் மாற்றுங்கள், பஞ்சர் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற பாதிச் சைக்கிள்களுக்கு அதுதான் காரணம்.

கம்பி பிரேக்கைக் கழற்றி எறியச் சொல்கிறவர்கள் அதைச் சரியாகக் கட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இதில் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது, மேலே இழுபட்டு ரிம்மின் உட்புறத்தை அழுத்தும். அதற்காகவே ரிம்மின் ஓரம் வளைந்த தோளாக இருக்கிறது. கட்டை அந்தத் தோளில் முழுக்கப் படிய வேண்டும், ரிம்மிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், எல்லா மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் இருக்க வேண்டும், எண்ணெய் கட்டையில் படக் கூடாது. நல்ல ரப்பர் கட்டை போட்டால் காய்ந்த ரோட்டில் நன்றாகவே நிற்கும். மழையில் நிற்காது, இரும்பு ரிம் நனைந்தால் எந்தப் பிரேக்குக்கும் அதே கதைதான், முன்கூட்டியே பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு ஓட்ட வேண்டும். ரிம்மின் பக்கவாட்டைக் கவ்வும் கேலிப்பர் பிரேக் போட்டே ஆக வேண்டும் என்றால் தட்டையான பக்கமுள்ள ரிம்மும் மாற்ற வேண்டியிருக்கும்.

இனி நம் விருப்பத்துக்கு மாற்றுவது. எல்லாவற்றிலும் முதலில் நான் சொல்வது ஃப்ரீவீல், அதாவது பின் சக்கரத்தின் பல்சக்கரம். கிராங்கில் 44 பல், பின்னே 18 பல் என்று இருந்தால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சைக்கிள் சுமார் ஐந்தரை மீட்டர் போகும். சமதரையில் பரவாயில்லை, மேம்பாலத்தில் முழங்கால் பேசும். 22 பல் ஃப்ரீவீல் மாட்டினால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர், ஐம்பது வயதுக்காரர் அதே பாலத்தை உட்கார்ந்தபடி ஏறலாம். கடைக்காரர் 18-ஐத்தான் எடுத்து நீட்டுவார், 20 அல்லது 22 வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூடுதலாக வேண்டியிருக்கும். செயினை மாற்ற வேண்டுமா என்று பார்க்க அளவுகோல் போதும்: செயின் ஆணியிலிருந்து ஆணிக்கு 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். 1/16 இஞ்ச் நீண்டிருந்தால் மாற்றுங்கள், 1/8 என்றால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். மாட்டிய செயினில் நடுவே விரலால் தூக்கினால் அரை இஞ்ச் ஆட வேண்டும், அதைவிட இறுக்கினால் பால்ரஸ் தேயும்.

காயலான் கடையில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் கிடைத்தால் விடாதீர்கள். ஏ.டபிள்யூ. என்ற அந்த ஹப் 1936-இல் வந்தது. நேர் கியருக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு வேகம், கீழே கால் பங்கு இலேசு. ஹப்பின் மேலேயே செய்த வருடம் இரண்டு எண்ணாக அடித்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இரும்பு ஃபிரேமுக்கு இன்னொரு நல்ல குணம், பின் பிளவின் அகலம் சக்கரத்துக்குச் சில மி.மீ. போதவில்லை என்றால் நிதானமாக இரண்டு பக்கமும் சமமாக விரித்துக்கொள்ளலாம், நூல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். அலுமினிய ஃபிரேமில் இதை நினைத்தும் பார்க்காதீர்கள். டைனமோ ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள், 6 வோல்ட்டுக்கு எல்.இ.டி. பல்பு மாற்றினால் போதும். தோல் சீட் இருந்தால் வெயிலில் காயவிடாமல், தோலுக்கான மெழுகை லேசாகத் தேய்த்து விடுங்கள். எண்ணெயில் ஊறவைத்தால் தொட்டில் மாதிரி தொங்கிவிடும்.

பெயிண்டுக்கு இப்போது வரலாம். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, அப்புறம் கார் மெழுகு, இவ்வளவுதான் முதல் வைத்தியம். அழுக்குப் போனதும் தங்கக் கோடு தானாக எட்டிப் பார்க்கும். தின்னரும் பெட்ரோலும் முத்திரைப் படங்களை ஒரே துடைப்பில் எடுத்துவிடும், கிட்டவே கொண்டுவராதீர்கள். துரு பிடித்த புள்ளிகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் தொட்டு, அதே நிறத்தைச் சின்னத் தூரிகையால் வைக்கலாம். பெயிண்ட் முற்றிலும் போய், காப்பாற்ற ஒன்றுமே இல்லை என்றால் மட்டும் பவுடர் கோட்டிங். அந்த அடுப்பின் சூடு 200 டிகிரி அளவில்தான், லக்கில் இருக்கும் பித்தளை உருக 900 டிகிரி வேண்டும், அதனால் மூட்டுக்கு ஒன்றும் ஆகாது. மரைகளையும் ஹெட் கப்பு உட்காரும் இடத்தையும் மறைத்து அடிக்கச் சொல்லுங்கள். எது செய்தாலும் குழாய்களின் உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஃபிரேமை இப்படியும் அப்படியும் சாய்த்து வடியவிடுங்கள், துரு உள்ளிருந்துதான் தின்னும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் முதல் நாளே ஊருக்கு வெளியே போகாதீர்கள். தெருவில் இரண்டு சுற்று, பிரேக் பார்த்து, முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகிப் பார்த்து, பிறகு பத்து கிலோமீட்டர் போய் வாருங்கள். வந்ததும் அந்தக் குழாய்த் துண்டை எடுத்து கிராங்குக்கு முட்டுக் கொடுத்து காட்டர் பின்னை இன்னும் ஓர் அடி அடித்து நட்டை முடுக்குங்கள், முதல் ஓட்டத்தில் அது கட்டாயம் கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும். ஐம்பது கிலோமீட்டர் ஆனதும் இன்னொரு தடவை. ஒவ்வொரு மிதிக்கும் டக், டக் என்று ஒரு சத்தம் காலில் தெரிந்தால் அந்த இடத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள், தளர்ந்த பின்னோடு ஓட்டினால் கிராங்கின் துளையே நீண்டுவிடும்.